குழப்படிக்காரப் பிள்ளையும் நாற்பது வயது உடம்பும்

ஊர் திரும்பியதும் செய்யவேண்டிய வேலைகளைப் பற்றி இந்தக் கையேட்டின் முன்பக்கங்களில் எழுதியிருக்கிறோம். கிணற்றை எப்படி இறைத்துத் துப்புரவாக்குவது, வெடிபொருள் போல எதையாவது கண்டால் தொடாமல் யாருக்கு அறிவிப்பது, காணி உறுதி தொலைந்திருந்தால் எங்கே போவது, வீட்டுத்திட்டக் கொடுப்பனவு எந்தக் கட்டத்தில் கிடைக்கும் என்பவை அங்கே உள்ளன. இந்தப் பக்கங்கள் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையைப் பற்றியவை.

வலிகாமம் வடக்கில் நாங்கள் நடத்தும் கூட்டங்களில் இந்த விடயம் நிகழ்ச்சி நிரலில் இருப்பதில்லை. வீடு, மலசலகூடம், வாழ்வாதாரம் எல்லாம் கதைத்து முடித்து, கதிரைகளை அடுக்கும் நேரத்தில்தான் ஓர் அம்மா ஓரமாக வந்து கையைப் பிடிப்பார். அப்படி வந்த ஒருவர் சொன்னது இது: “தங்கச்சி, முகாமில இருக்கேக்க இவன் இப்பிடி இல்லை. இஞ்ச வந்த பிறகு பள்ளிக்கூடம் போறான் இல்லை. கேட்டால் கதவை அடிச்சுச் சாத்துறான். இரவில ஆரோட போறான், எங்க போறான் எண்டு ஒண்டும் தெரியாது. எங்கட ஊருக்கு வந்திட்டம், இனி என்ன குறை எண்டு நினைச்சன்.” மகன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். “‘அது உங்கட ஊர் அம்மா, என்ர ஊர் முகாம்தான்’ எண்டு சொல்லுறான்” என்றார்.

அந்தப் பிள்ளை சொன்னதைக் குழப்படிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நீங்கள் இந்த மண்ணை விட்டு வெளியேறியபோது அவன் பிறக்கவில்லை. மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ கோப்பாயிலோ ஒரு நலன்புரி நிலையத்தில் பிறந்தான். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடியது அங்கே. முதல் சிநேகிதம் அங்கே. தண்ணீருக்கு வரிசையில் நின்று சண்டை பிடித்ததும் அங்கேதான். 2015 முதல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட, நீங்கள் பற்றைக் காட்டுக்குள் உங்கள் வீட்டு அத்திவாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுதீர்கள். அவன் பார்த்தது பற்றைக் காட்டை மட்டும்தான். உங்களுக்கு இது மீள்குடியேற்றம். அவனுக்கு இது முதலாவது இடப்பெயர்வு. ஒரே லொறியில் வந்து இறங்கிய இருவரில் ஒருவர் வீடு திரும்பியிருக்கிறார், மற்றவர் வீட்டை இழந்திருக்கிறார்.

இதைத் தொடக்கத்திலேயே சொல்லக் காரணம் உண்டு. பிள்ளையின் நடத்தை மாறும்போது நாங்கள் முதலில் கேட்பது “இவனுக்கு என்ன கொழுப்பு?” என்றுதான். “இவனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் வேறு பதில்கள் கிடைக்கும்.

எல்லாக் குழப்படியும் ஒன்றல்ல

கட்டிளமைப் பருவத்தில் எதிர்த்துக் கதைப்பதும், பொய் சொல்லுவதும், வேலியேறிப் பாய்வதும், ஒருமுறை களவாக சிகரெட் பத்திப் பார்ப்பதும் உலகம் முழுவதும் நடப்பவை. மூளையில் ஆசையையும் துணிச்சலையும் தூண்டும் பகுதி இந்த வயதில் வேகமாக விழித்துக்கொள்கிறது. “பொறு, பின்விளைவை யோசி” என்று சொல்லும் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு 25 வயதளவு ஆகிறது. அதாவது அக்சிலேற்றர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, பிரேக் இன்னும் பூட்டி முடியவில்லை. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பின்னர் தாமாகவே நிதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். உங்கள் தம்பிமாரை, ஏன், உங்களையே நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு. நான்கு, ஐந்து வயதிலிருந்தே அடிதடி, கட்டுக்கடங்காத கோபம், எதிலும் ஓர் இடத்தில் நிற்காமை என்று தொடங்கி, அது ஓயாமல் 15 வயது வரை வருவது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பிள்ளைகளை ஆய்வாளர்கள் அன்றிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். மூன்று வயதில் பார்த்தார்கள், பள்ளி வயதில் பார்த்தார்கள், 32 வயதில், 38 வயதில், 45 வயதில் மறுபடி அழைத்துப் பார்த்தார்கள். இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டியவர், அந்த ஆய்வில் பணியாற்றும் உளவியலாளர் டெரி மொஃபிற். முதல் வகையினரின் குழப்படி பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. இரண்டாம் வகையினர் தொகையில் குறைவு, ஆனால் அவர்களுக்குத்தான் உதவி கூடுதலாகவும் முந்தியும் தேவை.

நான் கலைப்பீடத்தில் படித்தவள், வைத்தியம் தெரியாது. இந்த ஆய்வை முதலில் வாசித்தபோது குழப்படி செய்த பிள்ளைகள் வளர்ந்து சிறைக்குப் போனார்கள் என்ற கதையைத்தான் எதிர்பார்த்தேன். அதுவும் இருந்தது. ஆனால் வைத்தியர்கள் அந்தப் பிள்ளைகளை 32 வயதில் சோதித்தபோது கண்டவை வேறு: சிகரெட்டை விட முடியாமை, நாட்பட்ட இருமலும் சளியும், முரசு நோய், அடிக்கடி ஏற்பட்ட காயங்கள், மனச்சோர்வு, பதகளிப்பு. சிறு வயதிலிருந்து நடத்தைச் சிக்கல் தொடர்ந்து வந்தவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன. சிறு வயதில் கடும் குழப்படி செய்து, பிறகு ஓய்ந்துவிட்டவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. தாய் தகப்பனுக்கு முக்கியமான செய்தி இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. சிறுவயதுக் குழப்படி தலையெழுத்து அல்ல, இடையில் நிறுத்தினால் உடம்பு தப்புகிறது.

போர் முடிந்து பிறந்த பிள்ளைகள்

எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் ஆய்வு பிரித்தானியாவில் நடந்தது. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவில் முடிந்து பத்து மாதங்களில், 1946 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 குழந்தைகளை அங்கே பின்தொடர்ந்தார்கள். குண்டு விழுந்த நகரங்களில், பங்கீட்டு அட்டைக்கு உணவு வாங்கிய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்தப் பங்கீடு 1954 வரை இருந்தது. இவர்களுக்கு 13 வயதிலும் 15 வயதிலும், வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுப் பதிந்து வைத்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கடுமையான நடத்தைச் சிக்கல் இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பத்தில் ஒருவரின் வாழ்க்கை மற்றவர்களுடையதைவிடக் கரடுமுரடாக இருந்தது. மனச்சோர்வும் பதகளிப்பும் கூட, மணமுறிவு கூட, பணக்கஷ்டம் கூட. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. கடுமையான சிக்கல் இருந்தவர்களில் நூற்றுக்கு 65 பேர் எந்தச் சான்றிதழும் இல்லாமல் பாடசாலையை விட்டுப் போயிருந்தார்கள். சிக்கல் இல்லாதவர்களில் அது நூற்றுக்கு 31 பேர். குழப்படி முதலில் பறித்தது படிப்பை. மற்றவை பின்னால் வந்தன.

மொஃபிற்றும் அவருடன் வேலை செய்தோரும் இதற்கு “பொறி” என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். எலிப்பொறி போல. பதினைந்து வயதுக்கு முன் சிகரெட்டைத் தொடங்குவது, பரீட்சை எழுதாமல் பாடசாலையை விடுவது, பதின்ம வயதில் திட்டமிடாமல் தாயோ தந்தையோ ஆவது ஆகிய மூன்றையும் டனிடின் ஆய்வு தனியாகக் கணக்கெடுத்தது. குழப்படி செய்யும் பிள்ளை பத்தொன்பது வயதில் தானாகத் திருந்தலாம். பொறிக்குள் கால் போயிருந்தால் திருந்திய பிறகும் வெளியே வருவது கடினம்.

எங்கள் ஊரின் பொறிகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தரம் 9இல் பாடசாலையை விட்டு மேசன் வேலைக்கோ தொழிலுக்கோ கடலுக்குப் போவது. கையில் நாட்கூலி வந்ததும் கசிப்பும் கஞ்சாவும் பக்கத்தில் வருவது. கடன் பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிளில் இரவில் ஓடி விழுவது. வாள்வெட்டு வழக்கொன்றில் “கூட நின்றவன்” என்று பெயர் பதியப்படுவது. வெட்டியவனும் கூட நின்றவனும் நீதிமன்றத்துக்கு அலையும் நாட்கள் ஒரே அளவுதான். பாக்கும் புகையிலையும் கலந்த பைக்கற்றுகளை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் எங்கள் நாட்டில் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அது நாற்பது, ஐம்பது வயதில் வருகிறது, தொடங்குவது பாடசாலை மதிலுக்கு வெளியே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மதுவோ விற்பது குற்றம். உங்கள் சந்திக் கடைக்காரருக்கு இதை நீங்கள் நினைவூட்டலாம், அதில் பிழை இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் பிள்ளையின் சிக்கல் தெருவில் சத்தமாகத் தெரியும். பெண் பிள்ளையின் சிக்கல் பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும். சாப்பிடாமை, யாரோடும் கதையாமை, தொலைபேசியே கதியென்று இருத்தல், கையைக் கீறிக்கொள்ளுதல். “அவள் அமைதியான பிள்ளை” என்று நாங்கள் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். பிறகு ஒரு நாள் அவள் யாரோடோ போய்விட்டாள் என்று செய்தி வரும். உடனே சில வீடுகளில் செய்யும் காரியம் “மானம் போகமுதல் கட்டி வைப்பம்” என்பது. சட்டப்படி திருமண வயது 18. அது ஒருபுறம் இருக்க, 16 வயதுப் பிள்ளைக்கு அவசரக் கலியாணம் செய்து வைப்பது பொறியிலிருந்து மீட்பதல்ல, பொறியின் கதவை நாங்களே சாத்துவது.

அடி ஏன் வேலை செய்வதில்லை

ஆபத்து என்று மூளை கருதும்போது அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்கள் உடம்பில் பாய்கின்றன. நெஞ்சு அடிக்கும், தசை இறுகும், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். ஷெல் சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆபத்து போனதும் அது அடங்க வேண்டும். வீட்டிலேயே நாளாந்தம் சத்தமும் அடியும் குடியும் இருந்தால் அது அடங்காது. அடங்காத உடம்பில் நித்திரை குழம்பும், குருதி அமுக்கம் ஏறும், இருதயம் தேயும். 1990களில் கலிபோர்னியாவில் 17,000க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் அவர்களின் சிறுவயதைப் பற்றிக் கேட்ட ஆய்வொன்று இதையே காட்டியது. அடி, வீட்டில் குடிப்பவர், தாயைத் தகப்பன் அடித்தல் போன்றவை எத்தனை வகையாகச் சிறுவயதில் சேர்ந்ததோ, அந்த அளவுக்கு இருதய நோயும் நுரையீரல் நோயும் மதுவுக்கு அடிமையாதலும் பின்னாளில் கூடியிருந்தன.

எனவே குழப்படி செய்யும் பிள்ளையைப் பிரம்பால் அடிப்பது, காய்ச்சல் வந்தவனை வெயிலில் நிறுத்துவது போன்றது. பாடசாலையிலும் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே தன் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. அடியைவிட மோசமானதும் உண்டு. முன்னே சொன்ன அம்மாவின் மகனைப் புதிய பாடசாலையில் ஓர் ஆசிரியர் முதல் வாரத்திலேயே “முகாம் பெடியன்” என்று கூப்பிட்டிருக்கிறார். அவன் அதற்குப் பிறகு அந்த வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவுக்கு இது தெரியவந்தது மூன்று மாதம் கழித்து, அதுவும் தங்கை சொல்லித்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதல் வேலை பாடசாலையோடு உள்ள தொடர்பை அறாமல் காப்பது. பிள்ளை தரம் 10இலோ 11இலோ இருந்தால், ஊர் மாறிய கையோடு பாடசாலையையும் மாற்ற அவசரப்படாதீர்கள். அவன் தெரிவு செய்த பாடங்கள் புதிய பாடசாலையில் இல்லாமல் இருக்கலாம். இ.போ.ச. பஸ்ஸில் மாணவருக்கான சலுகைப் பருவச்சீட்டு எடுத்து, சாதாரண தரப் பரீட்சை வரை பழைய பாடசாலைக்கே போகவிட முடியுமா என்று இரண்டு அதிபர்களிடமும் கேளுங்கள். அல்லது பழைய இடத்தில் உறவினர் வீட்டில் கிழமை நாட்களில் நிற்கலாம். காலையில் வெள்ளெனப் புறப்பட வேண்டும், செலவும் வரும், உண்மைதான். நாற்பது ஆண்டுக்கு அந்தச் செலவைப் பிரித்துப் பார்த்தால் அது சிறிது. ஏற்கனவே விட்டுவிட்ட பிள்ளையும் பின்னர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம், தொழிற்பயிற்சிக்குப் போகலாம்.

அடுத்தது, இந்த இடத்தை அவனுடைய இடமாகவும் ஆக்குவது. வீட்டுப் படத்தை மேசையில் விரிக்கும்போது அவனையும் கூப்பிடுங்கள். யன்னல் எந்தப் பக்கம், படிக்கிற மேசை எங்கே, எந்த மரத்தைத் தறிக்காமல் விடுவது என்று அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு அவன் சொன்னதில் ஒன்றையாவது செய்யுங்கள். கேட்டுவிட்டு எதையும் செய்யாமல் விடுவது கேளாமல் விடுவதைவிடக் கூடாது. முகாமில் இருக்கும் சிநேகிதர்களை விட்டுவிடு என்று சொல்லாமல், அவர்களை இங்கே வரச்சொல்லுங்கள். ஒரு நேரச் சோற்றில் நீங்கள் அவர்களின் பெயரையும் முகத்தையும் குணத்தையும் அறிந்துகொள்வீர்கள். “எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு” என்ற மூன்றும் தெரிந்த வீட்டுப் பிள்ளை பொறியில் விழுவது குறைவு. ஆனால் அதைப் பொலிஸ் விசாரணை போலக் கேட்டு அறிய முடியாது. மீன் வெட்டும்போதும் வேலி அடைக்கும்போதும், முகத்தைப் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போதுதான் இந்த வயதுப் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

நித்திரையையும் கவனியுங்கள். இந்த வயதில் நித்திரை வரும் நேரம் இயல்பாகவே பின்னுக்குப் போகிறது, ஆனால் உடம்புக்கு எட்டு மணித்தியாலமாவது வேண்டும். தறப்பாள் கொட்டிலில் எல்லாரும் ஒன்றாகப் படுக்கும் காலத்தில் இது கடினம். இரவில் எல்லாருடைய தொலைபேசியையும், அப்பாவினுடையதையும் சேர்த்து, ஓர் இடத்தில் சார்ஜில் போடுவதையாவது செய்யலாம்.

அப்பாவைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கூலிக்கும் மற்றவரின் படகுக்கும் போய் வந்த மனிதர், சொந்தக் கடற்கரைக்குத் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடாது. குடி இருந்தால் அது கூட வந்திருக்கும். அவருக்கும் உதவி தேவை. பிள்ளையை மட்டும் திருத்த முயலும் வீட்டில் பிள்ளை அதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பான்.

எப்போது, யாரிடம் போவது

சாவைப் பற்றிக் கதைத்தால், தன்னைக் காயப்படுத்தினால், கூரான ஆயுதம் வைத்திருந்தால், தீ வைத்தல் அல்லது மிருகங்களை வதைத்தல் கண்டால், போதைப்பொருள் பாவிக்கிறான் என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். மற்றச் சிக்கல்கள் ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் இருந்தால், அல்லது பாடசாலைக்குப் போவது நின்றுவிட்டால் போகலாம். உளநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது, ஆகவே “வளர்ந்தால் சரியாகும்” என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட முடியாது.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதால் பிள்ளைக்குப் “பைத்தியம்” என்று பெயர் வரும் எனப் பயந்தால், முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கதையுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை செய்பவரும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பொலிஸில் பிள்ளையின் பெயர் வந்துவிட்டால் தரகர்களிடம் காசு கொடுக்காமல் நன்னடத்தை உத்தியோகத்தரை நாடுங்கள்.

முதல் நாள் போகும்போது, எப்போதிருந்து எது மாறியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும். அந்தத் தாளை அவரிடம் தனியாகக் கொடுங்கள், பிள்ளைக்கு முன்னால் வாசித்து முறையிட வேண்டாம். பிள்ளையை வேறு ஏதாவது சொல்லி ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். “நீ நித்திரை கொள்ளாமல் இருக்கிறாய், எனக்கும் நித்திரை இல்லை, ரெண்டு பேரும் போய்க் கேட்பம்” என்று சொன்னால் போதும். அந்த அம்மா இப்படித்தான் சொன்னாராம். அவன் வரவில்லை. இரண்டாவது முறை கேட்டபோது சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.